வெறும் கேன்சர்தான்

"கேன்சருங்க. தோல்ல வர்ற கேன்சரு. டாக்டரே சொல்லிட்டாரு" என்றாள் தனம், வேன் சரியாக நிற்பதற்கு முன்பே.

ராஜகீழ்ப்பாக்கத்தின் அந்தத் தெருவில் குழாயடிப் பெண்களும் மளிகைக்கடை வாசலில் நின்றவர்களும் சேர்ந்து வேனைச் சுற்றி ஒரு வளையம் கட்டியிருந்தார்கள். துக்கத்துக்கு வந்த கூட்டமென்றால் நெருங்கி நிற்கும். இது தள்ளி நின்றது. பின்கதவைத் திறந்ததும் இன்னும் கொஞ்சம் தள்ளிப் போனது.

புருஷனைப் பிணமாகக் கொண்டுவருகிறவள் வண்டியை விட்டு இறங்கியதும் என்ன செய்ய வேண்டும் என்று தனத்துக்குத் தெரியும். தலையை விரித்துப் போட்டுக்கொண்டு அழ வேண்டும். ஆனால் அழுதுகொண்டே சொன்னால் யாருக்கும் புரியாது. முதலில் இதைச் சொல்லிவிட வேண்டும். அழுகை எங்கே போய்விடப் போகிறது. அவள் ஒவ்வொரு முகமாகப் பார்த்துச் சொன்னாள். ஒட்டாத வியாதி என்றாள். படிக்கிற டாக்டர் பிள்ளைகளெல்லாம் கையால் தொட்டுப் பார்த்தார்கள் என்றாள். அந்தக் கேன்சருக்கு நீளமாக ஒரு இங்கிலீஷ் பெயர் இருந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து மனதுக்குள் சொல்லிக்கொண்டே வந்தாள். சானடோரியம் தாண்டும்போது வேன் ஒரு பள்ளத்தில் விழுந்து எழுந்தது, பெயர் போய்விட்டது.

எதிர்வீட்டு அம்மணி மூக்கைச் சேலைத் தலைப்பால் பொத்தியிருந்தாள். "கேன்சர்னா எதுக்குக்கா அண்ணன பின்னால கொட்டாயில போட்ட?" என்று கேட்டாள். குரலில் குத்தல் ஒன்றும் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"அப்ப தெரியலயேம்மா."

"தெரியாமயே போட்டுட்டியா?"

தனம் பதில் சொல்வதற்குள் பக்கத்து வீட்டு ஜலால் வேனுக்குள்ளிருந்து சத்தம் போட்டான். தலைப்பக்கம் அவன் பிடித்திருந்தான், கால்பக்கம் பிடிக்க ஆள் வேண்டும். யாரும் நகரவில்லை. கடைசியில் வேன் டிரைவரே பீடியைக் கீழே போட்டு மிதித்துவிட்டு வந்து பிடித்தான்.

தனத்தின் புருஷன் சவுரிமுத்து பதினெட்டு வருஷம் டவுன் பஸ்ஸில் கண்டக்டர். அதில் பாதிக்கு மேல் ஜலால் ஓட்டிய பஸ். விரல் நுனியை நாக்கில் தொட்டு டிக்கெட்டைக் கிழித்துக் கொடுக்கிற கண்டக்டர்கள் ஊரில் எத்தனையோ பேர். சவுரிமுத்து அதைக் கொஞ்சம் நாகரிகமாகச் செய்வான், முகத்தைத் திருப்பிக்கொண்டு. முதலில் இடுப்பில் ஒரு சிவந்த தேமல் வந்தது. அரித்தது. பிறகு தொடையில், முதுகில், பிறகு காக்கிச் சட்டையின் காலருக்கு மேலே கழுத்தில். காலருக்கு மேலே வந்த பிறகுதான் ஜனங்கள் டிக்கெட்டை ஓரத்தில் பிடித்து வாங்க ஆரம்பித்தார்கள். கேம்ப் ரோடில் ஏறிய ஒரு பெண்பிள்ளை டிக்கெட்டே வேண்டாம் என்று இறங்கிவிட்டாள். அதை வீட்டில் வந்து சிரிப்பாகச் சொன்னான். தனம் சிரிக்கவில்லை.

அந்த வருஷம்தான் தேமல் பார்க்கிற அம்மா தெருத்தெருவாக வந்தாள். தோளில் பை, பையில் ஊசி, மயிலிறகு. உடம்பில் தேமலோ மரத்துப்போன இடமோ யாருக்காவது இருக்கிறதா என்று ஒவ்வொரு வாசலிலும் கேட்டாள். பெருவியாதிக்கு, குஷ்டத்துக்கு, இப்போது மாத்திரை வந்துவிட்டது, சும்மாவே தருகிறார்கள் என்றாள். அவள் ஒரு வீட்டுக்கு ஒரு தடவை போனால் விசாரிப்பு. இரண்டாம் தடவை போனால் தெருவுக்கே விஷயம் தெரிந்துவிடும். தனம் கேட்டைத் திறக்காமலேயே, "எங்க வூட்ல அந்த மாதிரி யாரும் இல்லம்மா" என்றாள். சவுரிமுத்து உள்ளே கட்டிலில் சட்டையில்லாமல் உட்கார்ந்திருந்தான்.

அன்றைக்குச் சாயங்காலம் அவன் ஒரு சேஃப்டி பின்னை எடுத்து, அவள் பார்க்கும்படி தொடைத் தேமலில் குத்திக்கொண்டான். ரத்தம் ஒரு பொட்டாக வந்தது.

"வலிக்குது தனம். அந்த வியாதின்னா மரத்துப் போவணும்ல? எனக்கு நல்லா வலிக்குது பாரு."

"வலிச்சா குத்தாதீங்க" என்றாள் அவள்.

அந்தப் பையிலிருந்த ஊசியும் இதைத்தான் சொல்லியிருக்கும். இது வேறு என்னவோ, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று அந்த அம்மா அனுப்பியிருப்பாள். ஆனால் வீட்டில் வயசுப்பெண் இருந்தாள். ஞானசௌந்தரி அப்போதுதான் எக்ஸ்போர்ட் கம்பெனியில் தையலுக்குச் சேர்ந்திருந்தாள். தனம் படப்பையில் ஒரு வைத்தியனிடம் ஆளைக் காட்டாமல் வாயால் மட்டும் சொல்லிக் களிம்பு வாங்கிவந்தாள். விறகு போட்டிருந்த கொட்டகையைக் காலி செய்தாள். அவனுக்கென்று ஒரு அலுமினியத் தட்டு, ஒரு தம்ளர். மற்றதோடு கலந்துவிடாமலிருக்கத் தட்டின் விளிம்பில் மகளுடைய நகப்பாலிஷால் ஒரு சிவப்புப் பொட்டு வைத்தாள். கரண்டி தட்டில் பட்டுவிடாமல் ஒரு சாண் உயரத்திலிருந்து சோற்றைப் போடுவாள். சோறு தட்டில் விழும்போது ஒரு சத்தம் வரும். ஈரத் துணியைக் கல்லில் போட்டாற்போல.

கொடுமைக்காரி என்று அவளை யாரும் சொல்ல முடியாது. மூன்று வேளையும் சூடாகத்தான் போட்டாள். மீன் வாங்கினால் நடுத்துண்டு அவனுக்குத்தான்.

படப்பையிலிருந்து மாப்பிள்ளையின் அப்பா ஏசுபாதம் குடும்பத்தோடு பெண் பார்க்க வந்த அன்று, அப்பா டூட்டியில் இருக்கிறார் என்று சொல்லிவிட்டார்கள். கொட்டகைக்கு வெளியே கொண்டி போட்டிருந்தது. இருமல் வந்தால் தலையணையை வாயில் வைத்துக்கொள்ளும்படி தனம் சொல்லியிருந்தாள், அவன் வைத்துக்கொண்டான். அவர்கள் போன பிறகு மிச்சமிருந்த பஜ்ஜியைக் கொண்டுபோய்ப் போட்டபோது, "மாப்ள குரல் நல்லா கீது. கண்டக்டர் வேலைக்குப் போலாம்" என்றான். நெற்றியிலும் காது மடலிலும் அதற்குள் கட்டி கட்டியாகப் புடைத்துவிட்டது. புருவம் தடித்து, முகம் கோயில் தூணில் செதுக்கிய சிங்கத்தின் முகம்போல ஆகிவிட்டது. அந்த முகம் சிரித்தால் பார்க்கச் சகிக்காது.

கட்டிகள் உடைந்து புண்ணான பிறகு வாடை சுவரைத் தாண்டிப் போனது. ஜலால் சுவரேறி எட்டிப் பார்த்தது அப்போதுதான். வண்டி கொண்டுவருகிறேன், ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றான். தனம் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நிச்சயம் மட்டும் முடிஞ்சிரட்டும்ணா. ஒரே ஒரு வாரம்."

ஜலால் கொட்டகையைப் பார்த்தான். உள்ளேயிருந்து குரல் வந்தது. "முடியட்டும் மச்சான். இத்தினி நாளு இருந்தேன், ஒரு வாரத்துல இன்னா ஆயிடப் போவுது."

ஒரு வாரத்தில் சீழ் பிடித்துக் காய்ச்சல் வந்தது. வெற்றிலை பாக்கு மாற்றிய மறுநாள் காலையில் ஆட்டோ வந்தது.

பெரிய ஆஸ்பத்திரியில் தோல் வார்டில் சவுரிமுத்துவுக்கு நல்ல மரியாதை. பெரிய டாக்டர் தினமும் மாணவர்களைக் கூட்டிக்கொண்டு முதலில் அவன் கட்டிலுக்குத்தான் வந்தார். சதையைக் கொஞ்சம் வெட்டிப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். போட்டோ எடுத்தார்கள். கண்ணாடி போட்ட ஒரு பெண் அவன் முதுகிலிருந்த கட்டிகளை ஒவ்வொன்றாக விரலால் அழுத்திப் பார்த்து எழுதிக்கொண்டாள். "எல்லாம் டிக்கெட்டுக்கு நீட்ற மாதிரி கைய நீட்டிகினு வர்றாங்கோ" என்று ஜலாலிடம் சொன்னானாம். "இத்தினி பேரு என்னத் தொட்டு எம்மா நாளாச்சி மச்சான்."

முடிவு வந்த அன்று டாக்டர் தனத்தைக் கூப்பிட்டு உட்கார வைத்துச் சொன்னார். இது பெருவியாதி இல்லை. தோலில் வருகிற ஒரு வகைக் கேன்சர். ரொம்ப அபூர்வம், அவருடைய சர்வீஸிலேயே இது மூன்றாவதோ நான்காவதோ. பார்க்க அந்த வியாதி மாதிரியே இருக்கும், பல பேர் ஏமாந்துபோவார்கள். தேமலாக இருந்தபோதே வந்திருந்தால் மருந்து கொடுத்துப் பல வருஷம் ஓட்டியிருக்கலாம். இப்போது புண் வழியாக ரத்தத்தில் விஷம் ஏறிவிட்டது.

"ஒட்டுமா சார்?" என்று கேட்டாள் தனம்.

"எது?"

"அவரு வியாதி. தொட்டா ஒட்டிக்குமா?"

"கேன்சர் எப்படிம்மா ஒட்டும்? யார் சொன்னா உங்களுக்கு?"

அவள் அந்த மேஜையிலேயே தலையைச் சாய்த்துக்கொண்டு அழுதாள். துக்கம் என்று நினைத்து டாக்டர் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். தனத்துக்கோ ஞானசௌந்தரியின் கல்யாணப் புடவையின் கரை கண்ணெதிரே தெரிந்தது. இனி யார் கேட்டாலும் சொல்லலாம். கேன்சர் யார் வீட்டில் இல்லை. எவ்வளவு பெரிய மனிதர்களுக்கெல்லாம் வருகிறது.

கட்டிலுக்கு வந்து அதை அவனிடமும் சொன்னாள். அவன் தடித்த இமைகளைச் சிரமப்பட்டுத் திறந்தான்.

"நான் அப்பவே சொன்னேன்ல. வலிக்குதுன்னு."

"சொன்னீங்க."

பிளாஸ்கிலிருந்து காபியைத் தம்ளரில் ஊற்றி, பக்கத்து ஸ்டூலில் வைத்து, விரல் நுனியால் அவன் பக்கம் தள்ளினாள். அவன் தம்ளரைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான். கை போர்வையிலிருந்து வெளியே வந்து, உள்ளங்கை மேலே பார்க்க, காற்றில் நின்றது.

"இப்பதான் ஒட்டாதுன்னு தெரிஞ்சிடுச்சே. கையில குடேன்."

தனம் தம்ளரைப் பார்த்தாள். எடுத்துக் கொடுத்துவிடத்தான் நினைத்தாள். "குடிங்க, ஆறிடப் போவுது" என்றாள்.

அவன் கையை உள்ளே எடுத்துக்கொண்டான். காபி ஆறிப் போயிற்று. அதற்குப் பிறகு அவளிடம் அவன் எதுவும் கேட்கவில்லை, வியாழக்கிழமை விடியலில் கண்ணை மூடும்வரை.

இப்போது வீட்டு வாசலில் பந்தல் துணி கட்டி, பெஞ்சின் மேல் பெட்டியை வைத்திருந்தார்கள். ஜலால்தான் உடம்பைத் துடைத்து வெள்ளைச் சட்டை மாட்டினான். கைக்கு வெள்ளைக் கையுறை, காலுக்கு வெள்ளை சாக்ஸ், விரல்களுக்கிடையில் ஜெபமாலை. முகத்துக்குத்தான் உறை இல்லை. ஜலாலின் மனைவி ஷம்சாத் ஒரு பாட்டில் அத்தர் கொண்டுவந்து முழுவதையும் கவிழ்த்தாள். அப்படியும் வாடை அடங்கவில்லை.

ஞானசௌந்தரி தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். அவள் கொட்டகைக்குள் போனதில்லை. சுவருக்கு இந்தப் பக்கம் நின்று அப்பாவிடம் அன்றன்றைய சேதியைச் சொல்லிவிட்டுப் போவாள். கல்யாணப் பெண் அங்கெல்லாம் வரக்கூடாது என்று ஆஸ்பத்திரிக்கும் அவளைத் தனம் அழைத்துப் போகவில்லை. அந்த முகத்தை இவ்வளவு கிட்டத்தில் அவள் பார்ப்பது இன்றைக்குத்தான். அழவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தாள்.

தனம் தெருமுனையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். படப்பைக்குத் தகவல் போயிருந்தது. மாதா கோயிலில் கல்யாண ஓலை மூன்று ஞாயிற்றுக்கிழமை வாசிக்க வேண்டும். மாப்பிள்ளை பெயரையும் பெண் பெயரையும் படித்து, தடை எதுவும் தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று சாமியார் நிறுத்துவார். அந்த நிறுத்தத்தில் தனத்துக்கு உயிர் போய் உயிர் வரும். இரண்டு ஓலை ஆகிவிட்டது. மூன்றாவது இந்த ஞாயிறு.

உச்சி வெயிலில் வந்தார்கள். ஏசுபாதம், அவர் மனைவி லூர்தம்மாள், பின்னால் மாலையைப் பிடித்துக்கொண்டு மாப்பிள்ளைப் பையன். தனம் எழுந்து ஓடினாள். ஓடும்போதே அழுகை வந்தது, சொல்ல வேண்டியதும் வந்தது. கேன்சர் என்றாள். மறைக்க வேண்டும் என்று மறைக்கவில்லை என்றாள். இப்போதுதான் எங்களுக்கே தெரிந்தது என்றாள். லூர்தம்மாள் அவள் முதுகைத் தடவிக் கொடுத்தாள். நல்ல பெண்மணி, வழியில் எதிர்வீட்டு அம்மணியின் வாசலில் கொஞ்ச நேரம் நின்று பேசிவிட்டுத்தான் வந்திருந்தாள்.

"கேன்சர் யாருக்குத்தான் வரல சம்பந்தி" என்றாள். "எங்க சித்தப்பாவுக்குத் தொண்டையில வந்துச்சு. கடைசி வரைக்கும் நாங்கதான் வாயில ஊத்தினோம்."

தனத்துக்கு அதுவே போதுமாக இருந்தது. அதன் பிறகு அவள் நிம்மதியாக அழுதாள்.

நாலு மணிக்கு உபதேசியார் செபம் சொல்லி முடித்து, பெட்டியை மூடப் போகிறோம், கடைசி முத்தம் கொடுக்கிறவர்கள் வரலாம் என்றார். அவர்கள் வழக்கம் அது. மூடி போடுமுன் உறவுக்காரர்கள் வரிசையாக வந்து நெற்றியில் முத்தம் கொடுத்து அனுப்ப வேண்டும். கைக்குழந்தையைக்கூடத் தூக்கிக் குனிந்து கொடுக்க வைப்பார்கள். கொடுக்காதவர்களை ஊர் ரொம்ப நாள் ஞாபகம் வைத்திருக்கும்.

பந்தலில் இருந்தவர்கள் எழுந்தார்கள். எழுந்தவர்கள் நகரவில்லை. லூர்தம்மாள் தனத்தின் தோளை மெதுவாகத் தொட்டாள்.

"மொதல்ல நீங்க குடுங்க சம்பந்தி. பொறவு நாங்க."

தனம் பெட்டியருகே போனாள். அவள் மனதில் ஒரு சந்தேகமும் இல்லை. டாக்டர் சொன்னது, மாணவர்கள் தொட்டது, எல்லாம் தெளிவாக இருந்தது. இந்த ஒரு முத்தத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்பதும் தெரியும். பெட்டியின் இரண்டு ஓரத்தையும் பிடித்துக்கொண்டு குனிந்தாள்.

நெற்றியில் புருவத்துக்கு மேலே ஒரு கட்டி உடைந்து, ஜலால் அதன்மேல் பவுடர் போட்டிருந்தான். பவுடர் ஈரமாகியிருந்தது. தனத்தின் முகம் ஒரு சாண் தூரத்தில் நின்றது. அவள் அதைக் கீழே தள்ளிப் பார்த்தாள். கழுத்து வளையவில்லை. மூச்சை அடக்கிக்கொண்டிருந்தது அவளுக்கே அப்போதுதான் தெரிந்தது. முழுத் தெருவும் அந்த ஒரு சாணைப் பார்த்துக்கொண்டிருந்தது.

பிறகு அவள் தன் விரல்களை உதட்டில் வைத்து எடுத்து, அவன் சட்டைக் காலரில், துணியின் மேல், தொட்டாள்.

அடுத்தது மகள். ஞானசௌந்தரி அம்மாவைப் பார்த்தாள், லூர்தம்மாளைப் பார்த்தாள். அம்மா செய்தது மாதிரியே விரலை உதட்டில் வைத்துக் காலரைத் தொட்டாள். அதன் பிறகு வரிசை சுலபமாக நகர்ந்தது. எல்லாரும் அதே மாதிரி விரலை உதட்டில் வைத்தார்கள், அதே காலர் நுனியைத் தொட்டார்கள், ஸ்டாப்பிங்கில் இறங்குகிறவர்கள் மாதிரி அடுத்தவருக்கு வழி விட்டுப் போனார்கள். சிலர் தொடவும் இல்லை.

லூர்தம்மாள் வரிசைக்கு வரவில்லை. நின்ற இடத்திலேயே சிலுவை போட்டுக்கொண்டாள். ஏசுபாதம் உபதேசியாரை ஓரமாக அழைத்துப் பேசினார். மெதுவாகத்தான் பேசினார். ஆனால் தனத்தின் காது அந்தப் பக்கமே இருந்தது.

"துக்க வீடு பாருங்க. ஞாயித்துக்கெழம ஓலைய நிறுத்தி வெச்சிருங்க. நாங்களே பொறவு சொல்றோம்."

அடக்கம் வரை இருக்க முடியவில்லை, படப்பைக்கு பஸ் போய்விடும் என்று அவர்கள் விடைபெற்றுக்கொண்டார்கள். மாப்பிள்ளைப் பையன் மாலையைப் பெட்டியின் கால்மாட்டில் வைத்துவிட்டுப் போனான். ஆணி அடிக்கும் சத்தத்தில் தனம் கதறினாள். கூட்டமும் இப்போது கிட்டே வந்து அவளைத் தாங்கிப் பிடித்துக்கொண்டது. பெட்டியைத் தூக்குவதற்கும் ஆள் கிடைத்தது.

கல்லறையிலிருந்து திரும்பியபோது வெயில் இறங்கியிருந்தது. வாசலைக் கழுவி விட்டிருந்தார்கள். துக்க வீட்டில் அடுப்பு மூட்டக்கூடாது என்று ஷம்சாத் சோறும் பருப்புக் குழம்பும் ஒரு பெரிய சட்டியில் கொண்டுவந்து கூடத்தில் வைத்துவிட்டுப் போயிருந்தாள். ஜலால் வாசற்படியில் உட்கார்ந்திருந்தான். சாப்பிடக் கூப்பிட்டதற்கு, வேண்டாம் தங்கச்சி என்றான். ஆஸ்பத்திரியில் அவர் கடைசியாக ஏதாவது சொன்னாரா என்று தனம் கேட்டாள்.

"காபி கேட்டாரு" என்றான்.

"குடுத்தீங்களா?"

"குடுத்தேன்." எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டான்.

ஞானசௌந்தரி கொல்லைப்பக்கம் போயிருந்தாள். குழாய் சத்தம் கேட்டது. திரும்பி வரும்போது அவள் கையில் அந்த அலுமினியத் தட்டு இருந்தது. விளிம்பில் சிவப்புப் பொட்டு அப்படியே இருந்தது, நல்ல பாலிஷ். தண்ணீர் சொட்டச் சொட்ட அதைத் தரையில் வைத்து, எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

தனம் தட்டைப் பார்த்தாள். "அலமாரியில வேற தட்டு இருக்குடி."

"இதுல போடும்மா."

"சௌந்தரி."

"இன்னாத்துக்குப் பயப்படுற? வெறும் கேன்சர்தானே."

குரலில் கோபம் இல்லை. காலையிலிருந்து அம்மா தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருந்ததைத்தான் அவள் திருப்பிச் சொன்னாள். தனம் சட்டியின் முன் உட்கார்ந்து கரண்டியை எடுத்தாள். சோறு இன்னும் சூடாக இருந்தது. ஒரு கரண்டி அள்ளி, மகளின் பக்கம் கையை நீட்டினாள்.

தட்டுக்கு ஒரு சாண் மேலே கரண்டி நின்றது. சோறு சத்தத்தோடு விழுந்தது.